படகுக்கு ‘கெட்டியாக இரண்டே கோட்டிங்’ போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஒரு வீட்டுக் குறிப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் அதைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கவில்லை, டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த தாளில் படித்தேன். மர நாற்காலி, ஊஞ்சல் பலகை, படகு என்று எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் எழுதியிருந்தது: கடையில் கிடைக்கிற வார்னிஷை வாங்கி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, கெட்டியாக இரண்டே கோட்டிங் அடித்து நல்ல வெயிலில் காயவிட்டால் கண்ணாடி மாதிரி பளபளக்குமாம். நாற்காலியும் ஊஞ்சலும் வீட்டுக்குள் கிடப்பவை, எப்படியோ பிழைத்துக்கொள்ளும். அந்தப் பட்டியலில் படகைச் சேர்த்தவர் யாரோ, அவர் ஒரு நாள் தூத்துக்குடிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சுரண்டிக் கொடுத்தால் தேவலை. ஏனென்றால் அந்தத் தாள் என் கைக்கு வந்த நேரம் நான் கிட்டத்தட்ட அதே வைத்தியம் பார்க்கப்பட்ட ஒரு 14 அடிப் படகின் வார்னிஷை உரித்துக்கொண்டிருந்தேன்.

படகு என்னுடையதில்லை. கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருடையது, தேக்குப் பலகை, இரண்டு ஜோடி துடுப்பு, ஒரு சின்னப் பாய்மரம். வருடம் முழுக்க அதைத் தடவிக்கொடுப்பார், நாலு தடவைதான் தண்ணீரில் இறக்குவார். போன வருடம் ஃபர்னிச்சர் பாலிஷ் போடுகிற ஆள் ஒருவர் வந்து இரண்டே நாளில் முடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், முடித்த அன்று தெருவே வந்து பார்த்ததாம், அப்படி ஒரு மினுமினுப்பு. நாலாம் மாதம் ஓரங்கள் வெள்ளை வெள்ளையாகப் பூக்க ஆரம்பித்தன. நான் போனபோது நகத்தை விட்டு நெம்பினால் பாம்புச் சட்டை மாதிரி கை அகலத்துக்கு உரிந்து வந்தது. அந்தத் தோலைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், உள்பக்கத்தில் மரத்தின் நார் சாம்பல் நிறத்தில் மெல்லிசாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதாவது வார்னிஷ் பிடியை விடவில்லை, அது பிடித்துக்கொண்டிருந்த மேல்மரமே செத்து அதோடு கழன்று வந்துவிட்டது.

இது ஏன் நடக்கிறது என்று உங்கள் குறிப்பை எழுதியவருக்குத் தெரிந்திருந்தால் படகை விட்டுவிட்டு எழுதியிருப்பார். பெயிண்டுக்குள் நிறமி இருக்கிறது, வெயில் அதிலேயே நின்றுவிடும். வார்னிஷுக்கு அது கிடையாது, மரத்தின் ரேகை தெரிய வேண்டும் என்றுதானே வார்னிஷ் அடிக்கிறோம், ரேகை நம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் வெயிலும் அந்த ரேகை வரைக்கும் போகிறது என்று அர்த்தம். மரத்தின் நாரைச் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிற லிக்னின் என்ற பொருளை வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் சிதைக்கிறது, சிதைந்த பிறகு மேல் நார் பொடிந்து சாம்பல் நிறமாகிவிடும், பழைய வேலிக் கம்பு, வெயிலில் கிடக்கும் மாட்டு வண்டிப் பலகை எல்லாம் அப்படி வெளுப்பது இதனால்தான். வார்னிஷுக்கு அடியிலேயே இது நடந்தால் மேலே இருக்கும் வார்னிஷ் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? அதனால் படகு வார்னிஷில் புற ஊதாவை உறிஞ்சுகிற சரக்கைக் கலந்து விற்கிறார்கள், அதையும் ஒன்றிரண்டு கோட்டிங் அடித்தால் பயனில்லை. ஒரு கோட்டிங் காய்ந்தபின் தலைமுடி கனம்கூட இருக்காது. ஆறு, எட்டு என்று ஏற்றினால்தான் வெயிலுக்கு ஒரு குடை.

அப்புறம் இன்னொன்று. படகுக்கான வார்னிஷை ‘ஸ்பார் வார்னிஷ்’ என்பார்கள். ஸ்பார் என்றால் பாய்மரமும் அதில் கட்டுகிற கம்புகளும். காற்றில் வளைகிற கம்பு அது, மேலே அடித்ததும் கூடவே வளைய வேண்டும், இல்லையென்றால் வெடித்துவிடும். அதனால் அதில் பிசினைவிட எண்ணெய் தூக்கலாக இருக்கும், வழக்கமாக டங் எண்ணெய், சீனாவில் விளைகிற ஒரு மரத்துக் கொட்டையிலிருந்து எடுப்பது. வீட்டு ஃபர்னிச்சர் வார்னிஷில் எண்ணெய் குறைவு, சீக்கிரம் காயும், கல் மாதிரி இறுகும், டீ டம்ளர் வைத்தால் தடம் விழாது, மேசைக்கு அதுதான் சரி. ஆனால் படகுப் பலகை தண்ணீரில் ஊறி அகலத்தில் ஊதும், கரையில் ஏற்றினால் சுருங்கும். கல் மாதிரி இறுகியது அதோடு ஊதுமா சுருங்குமா? முதலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், கீறலில் தண்ணீர் இறங்கும், அப்புறம் நான் சொன்ன பாம்புச் சட்டை.

இவ்வளவு சொல்ல நீ யார் என்று கேட்கலாம். எங்கள் அப்பா ஓடாவி, மரக்கலம் கட்டுகிற தச்சரைக் கடற்கரையில் அப்படித்தான் சொல்வோம். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகிற தோணி வேலை. அப்பா வாயில் வார்னிஷ் என்ற சொல்லே வந்ததில்லை. பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடிப்பது, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவது, மீன் எண்ணெயைக் குடம் குடமாகத் தேய்ப்பது, அவ்வளவுதான் அவருடைய பாலிஷ், அந்த நாற்றத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் சொந்தக்காரர்கள்கூட யோசித்துத்தான் வருவார்கள். நான் அதிலிருந்து தப்பித்து சிங்கப்பூர் போனேன், சாங்கி பக்கம் ஒரு சின்ன யார்டில் 11 வருடம், பணக்காரர்களின் பாய்ப்படகுகளுக்கு வார்னிஷ் போடுகிற வேலை. மேஸ்திரி ஒரு சீனக் கிழவர். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை மலாய் மட்டும்தான். எங்களிடமிருந்து அவர் கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் ‘மறுபடி’. பலகையில் உள்ளங்கையை ஓட்டிப் பார்ப்பார், ‘மறுபடி’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எது சரியில்லை என்று சொல்ல மாட்டார், நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் எட்டு நாள் என் கையில் பிரஷ்ஷே கொடுக்கவில்லை. உப்புத்தாள், உப்புத்தாள், உப்புத்தாள். (எங்கள் ஊர் உப்புக்குப் பேர் போனது, அங்கிருந்து போனவனுக்கு அங்கேயும் உப்புதான் என்று அறையில் சிரிப்பார்கள்.) ‘லேசாகத் தேய்த்துவிட்டு’ என்று இரண்டே சொல்லில் உங்கள் குறிப்பு தாண்டிப் போகிறதே, வேலையே அங்கேதான் இருக்கிறது. வார்னிஷ் எதையும் மறைக்காது, எடுத்துத்தான் காட்டும். பட்டி போட்டு மூடிப் பெயிண்ட் அடிக்கிற சுவர் இல்லை இது, 80 நம்பர் தாளால் (நம்பர் குறையக் குறையத் தாள் முரடு) ரேகைக்குக் குறுக்கே ஒரே ஒரு இழுப்பு இழுத்திருந்தாலும் எட்டுக் கோட்டிங்குக்கு அப்புறமும் பூதக்கண்ணாடி வைத்த மாதிரி தெரியும்.

நான் செய்வது இது. பழைய வார்னிஷை முழுக்க எடுத்த பிறகு 80 நம்பர் தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி ரேகை போகிற போக்கிலேயே தேய்ப்பேன், வெறும் விரலால் தேய்த்தால் மெத்து மரம் பள்ளமாகும், கடின மரம் மேடாக நிற்கும், வார்னிஷ் ஏறியதும் பலகை அலை அலையாகத் தெரியும். அப்புறம் 120, அப்புறம் 180, கடைசியில் 220. ஒவ்வொரு நம்பரும் முந்தைய நம்பரின் கீறலை அழிக்க வேண்டும், இடையில் ஒன்றைத் தாண்டினால் அந்தக் கீறல் அங்கேயே இருக்கும். 180 முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு துடை துடைப்பேன், படுத்திருந்த நாரெல்லாம் எழுந்து நிற்கும், ஷேவ் செய்து ஒரு நாளான தாடை மாதிரி சொரசொரக்கும், நன்றாகக் காய்ந்த பிறகு 220 ஓட்டினால் அந்த நார் போய்விடும், பிறகு வார்னிஷ் பட்டு எழும்புவது குறையும். 220-க்கு மேலே 400, 600 என்று போகிற ஆர்வக்கோளாறு நிறைய பேருக்கு உண்டு, போகாதீர்கள், மரம் கண்ணாடியானால் முதல் கோட்டிங் பிடிக்க இடம் இருக்காது.

பகலில் சரியாகத் தெரிவது ராத்திரி தெரியாது என்பார்கள், இதில் தலைகீழ். இருட்டின பிறகு டார்ச்சைப் பலகையோடு ஒட்டிப் படுக்க வைத்து அடித்துப் பாருங்கள், ஒவ்வொரு கீறலுக்கும் நிழல் விழும். சாக்குக்கட்டியால் வட்டம் போட்டு வைத்துவிட்டுக் காலையில் அந்த இடங்களை மட்டும் தேய்ப்பேன். கிழவருக்கு டார்ச் தேவைப்பட்டதில்லை, கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் கண்டுபிடிப்பார்.

ஓரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பலகையின் முனை கத்தி மாதிரி கூர்மையாக இருந்தால் வார்னிஷ் அங்கே நிற்காது, இரண்டு பக்கமும் வழிந்து முனையில் சவ்வு மாதிரிதான் தங்கும். படகில் முதலில் உரிவது எப்போதும் முனைகளும், பலகையின் வெட்டு வாயும், திருகாணிக் குழியும்தான். முனையை 3 மில்லிமீட்டர் அளவுக்காவது உருட்டிவிட வேண்டும், வெட்டு வாயில் மரம் உறிஞ்சுகிற வரைக்கும் மெல்லிய வார்னிஷை ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெரியவர் படகில் முனை எல்லாம் இழைப்புளி போட்ட மேனிக்கு அப்படியே கூர்மையாக இருந்தது. இரும்புத் திருகாணி போட்ட இடத்தில் தேக்கு கறுத்துப்போயிருந்தது, அது வெறும் அழுக்கு இல்லை, மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து ஏறின கறை. தேய்த்தால் போகாது, ஆக்ஸாலிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துத் தடவினால் வெளுக்கும், அப்புறம் நிறைய நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், அது விஷம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். திருகாணி எல்லாவற்றையும் கழற்றி வெண்கலத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். செலவைக் கேட்டுப் பெரியவர் அரை மணி நேரம் பேசவில்லை.

எங்கள் கடற்கரைக்கென்று ஒரு தொல்லை உண்டு, வெளியூர்ப் புத்தகங்களில் இதற்கு அழுத்தம் கொடுக்க மாட்டார்கள். உப்பு. முள்ளக்காடு, முத்தையாபுரம் பக்கமெல்லாம் உப்பளம், ஆடிக் காற்று அடித்தால் உதட்டை நக்கினாலே கரிக்கும். தேய்த்து முடித்த மரத்தில் அந்த உப்பு உட்கார்ந்திருக்க, அதன் மேலேயே வார்னிஷை அடித்தால் உப்பு சும்மா இருக்காது, ஈரத்தை இழுத்து இழுத்துச் சேர்க்கும், இரண்டு மாதத்தில் அம்மைக் கொப்புளம் மாதிரி எழும்பும். அதனால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காயவிட்டு, விரலால் மரத்தைத் தடவி நாக்கில் வைத்துப் பார்ப்பேன். சிரிக்காதீர்கள், அதைவிட மலிவான கருவி என்னிடம் இல்லை. கரித்தால் மறுபடி துடைக்க வேண்டியதுதான். தேக்காக இருந்தால் இன்னொரு துடைப்பும் உண்டு, தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் கசியும், வார்னிஷ் அதன் மேல் ஒட்டாமல் கோபித்துக்கொள்ளும். அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, அது பறந்ததும் தாமதிக்காமல் முதல் கோட்டிங் போட்டுவிட வேண்டும்.

முதல் கோட்டிங் கெட்டியாக அடிக்கவே கூடாது. பாதிக்குப் பாதி தின்னர். தண்ணீர் மாதிரி ஓடும், மரம் குடித்துவிடும், பார்க்க ஒன்றுமே அடிக்காத மாதிரி இருக்கும், பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு “இவ்வளவுதானா?” என்றார். இரண்டாவதில் கால் பங்கு தின்னர். மூன்றாவதிலிருந்து டின்னில் வருகிற மாதிரியே, வெயில் காலத்தில் இழுவை தெரிந்தால் ஒரு மூடி தின்னர் சேர்ப்பேன். ஒவ்வொரு கோட்டிங்குக்கும் இடையில் ஒரு நாள் விட்டு 320 தாளால் மெல்லத் தேய்ப்பு. காய்ந்ததா இல்லையா என்று டின் மேல் எழுதியிருக்கும் நேரத்தை நம்பாதீர்கள், உப்புத்தாளைக் கேளுங்கள். வெள்ளை மாவு மாதிரித் தூள் வந்தால் காய்ந்துவிட்டது, தாளில் பிசின் மாதிரி உருண்டு ஒட்டினால் இன்னும் ஒரு நாள் பொறுக்க வேண்டும்.

கெட்டியாக அடித்தால் என்ன ஆகும் என்றால், இந்த வார்னிஷ் தண்ணீர் காய்கிற மாதிரி காய்வதில்லை. தின்னர் பறந்த பிறகு எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து இறுக வேண்டும். கெட்டியாக அடித்தால் மேலே ஆடை படிந்துவிடும், ஆடை படிந்த பிறகு உள்ளே காற்று போகாது, அடியில் வாரக்கணக்கில் ஜவ்வாக இருக்கும், மேலே பால் ஆடை மாதிரி சுருங்கும். நல்ல வெயிலில் வைத்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், கூடவே மரத்துக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து குமிழ் குமிழாக மேலே வரும். உங்கள் குறிப்பு ‘கெட்டி’, ‘நல்ல வெயில்’ இரண்டையும் ஒரே வரியில் சொல்லியிருக்கிறது!

நான் தப்பே செய்யாத ஆள் மாதிரி எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூர் போன இரண்டாம் வருடம், டிசம்பர் மாதம், மறுநாள் படகை ஒப்படைக்க வேண்டும், எட்டாவது கோட்டிங்தான் பாக்கி, மத்தியானம் வரை மழை, சாயங்காலம் 5 மணிக்கு வானம் வெளுத்தது. கிழவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார், ஆபீஸிலிருந்து அவசரப்படுத்தினார்கள், நான் அடித்துவிட்டேன். அடித்தபோது அதைப் போல வந்ததே இல்லை, முகம் தெரிந்தது. ராத்திரி பனி இறங்கியிருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் மேல்தளம் முழுக்க மோர் ஊற்றித் துடைத்த மாதிரி மங்கலாகக் கிடக்கிறது. கிழவர் கையைக்கூட ஓட்டிப் பார்க்கவில்லை, தூரத்தில் நின்றே ‘மறுபடி’ என்றார். ஒப்படைப்பு மூன்று நாள் தள்ளிப்போனது, என் சம்பளத்தில் இரண்டு நாள் பிடித்தார்கள், அவசரப்படுத்தியவர் சம்பளத்தில் பிடித்தார்களா என்று நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து காலையில் பனி காய்ந்த பிறகு, 8 மணிவாக்கில் ஆரம்பித்துப் பத்துப் பத்தரைக்குள் பிரஷ்ஷைக் கழுவிவிடுவேன். மத்தியானம் 3 மணிக்கு மேல் யார் சொன்னாலும் டின்னைத் திறக்க மாட்டேன். எங்கள் ஊரில் அதற்குத் தோதான மாதங்கள் மாசியும் பங்குனியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆனி, ஆடியில் காற்று தூக்கிக்கொண்டு வருகிற புழுதிக்கு வார்னிஷ் அடித்த பலகை உப்புத்தாளாகவே மாறிவிடும். ஷெட்டுக்குள் அடித்தாலும் அரை மணி நேரம் முன்னால் தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அமுக்குவேன், ஃபேனை நிறுத்திவிடுவேன், நூல் உதிராத பழைய நைலான் சட்டை ஒன்று இதற்கென்றே வைத்திருக்கிறேன், வீட்டில் அதைத் துவைக்கத் தர மாட்டார்கள், நானே அலசிக்கொள்கிறேன்.

டின்னைக் குலுக்காதீர்கள், குலுக்கினால் நுரை, நுரை அடித்தால் பலகையில் ஊசிக்குத்து. ஒரு குச்சியால் மெதுவாகக் கிண்டி, தேவையானதை மட்டும் நைலான் வலையில் வடிகட்டி ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொள்ளுங்கள், பிரஷ்ஷை நேரே டின்னில் முக்கினால் பலகையில் உள்ள தூசி டின்னுக்குப் போகும், அடுத்த நாள் திரும்பப் பலகைக்கே வரும். பிரஷ்ஷின் மயிரில் மூன்றில் ஒரு பங்கு நனைந்தால் போதும். டம்ளர் விளிம்பில் வழிக்காதீர்கள், அதுவும் நுரை கட்டும், லேசாகத் தட்டினால் போதும். ஒரு முழ அகலத்துக்கு எடுத்து, ரேகைப் போக்கில் பரப்பி, குறுக்கே ஒரு தடவை இழுத்துச் சமன்படுத்தி, கடைசியாகப் பிரஷ்ஷின் நுனி மட்டும் படுகிற மாதிரி சாய்த்துப் பிடித்து, புதிதாக அடித்ததிலிருந்து முன்னால் அடித்த ஈர ஓரத்துக்குள் ஒரே மூச்சில் ஓட்டி மெதுவாகத் தூக்க வேண்டும், விமானம் தரையை விட்டுக் கிளம்புகிற மாதிரி. அப்புறம் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஐயோ அங்கே ஒரு இடம் விட்டுப்போச்சே என்று ஐந்து நிமிடம் கழித்துப் போய்த் தொட்டால் அந்த ஈரம் இழுத்துக்கொண்டு வந்து பிரஷ் கோடு நிற்கும், விட்டுப்போன இடம் நாளைக்குக் கிடைக்கும். ஒரு ஈ உட்கார்ந்தாலும் விட்டுவிடுங்கள், காய்ந்த பிறகு தேய்த்தால் போய்விடும். இதை நான் கற்றுக்கொள்ள இரண்டு வருடம் ஆனது, கை துறுதுறுக்கும்.

பி.யூ., அதாவது பாலியூரித்தேன் பாலிஷ் அடித்தால் என்ன என்று நிறைய பேர் கேட்கிறார்கள். இரண்டு டின் கலந்து அடிக்கிற பி.யூ. கெட்டியானது, நல்ல பளபளப்பு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்காவது அடிபட்டுத் தண்ணீர் அடியில் போய்விட்டால் பக்கம் பக்கமாகத் தூக்கிக்கொள்ளும், சும்மா ஒரு இடத்தை மட்டும் சரிசெய்வது கஷ்டம். எண்ணெய் வார்னிஷில் அடிபட்ட இடத்தைத் தேய்த்து நாலு கோட்டிங் கொடுத்தால் சேர்ந்துவிடும். எபாக்ஸி என்கிற பிசினைப் பூசிவிட்டு அப்படியே விடுகிறவர்கள் இன்னொரு ரகம், எபாக்ஸிக்கு வெயில் ஆகாது, அதன் மேலேயும் வார்னிஷ் வேண்டும்.

ஒரு முக்கியமான விஷயம், இதையாவது பெரிய எழுத்தில் போடுங்கள். வார்னிஷ் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு வரும், பலகையில் அந்தச் சூடு பறந்துவிடும், சுருட்டிய துணிக்குள் போக வழி இல்லாமல் ஏறிக்கொண்டே போகும், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் தண்ணீர் வாளியில் போட வேண்டும், இல்லையென்றால் வெளியே தனித்தனியாக விரித்துக் காயவைக்க வேண்டும். யார்டில் ஒரு நாள் காலை குப்பைத் தொட்டியிலிருந்து புகை வந்ததை நானே பார்த்திருக்கிறேன், நல்லவேளை பகல் நேரம்.

இவ்வளவு எழுதிவிட்டு நானே இதைச் சொல்வது விசித்திரமாக இருக்கும், முழுப் படகுக்கும் வார்னிஷ் வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். செல்போனில் ரிவா அக்வாரமா படத்தைக் காட்டி இந்த மாதிரி வேண்டும் என்று கேட்கிறார்கள். 1962-ல் வந்த இத்தாலியப் படகு அது, மகாகனி மரம், இசேயோ ஏரிக்கரையில் சார்னிகோ என்ற ஊரில் கட்டியது, அழகு என்றால் அப்படி ஒரு அழகு. ஆனால் அதை வைத்திருப்பவர் ஏரியில் ஓட்டிவிட்டு ஷெட்டில் ஏற்றித் துணி போர்த்தி வைப்பார். நம் வெயிலில் வெளியே கிடக்கிற படகுக்கு வருடத்துக்கு இரண்டு தடவையாவது தேய்த்து மேல் கோட்டிங் கொடுக்க வேண்டும், ஒரு வருடம் விட்டால் மறுபடி மரம் வரைக்கும் சுரண்ட வேண்டியதுதான். அதனால் பெரியவரிடம் சண்டை போட்டு வெளிப்பக்கத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிக்க ஒப்புக்கொள்ள வைத்தேன். தண்ணீருக்குள் முங்குகிற பகுதிக்கு வார்னிஷ் எப்படியும் தாங்காது. மேல் விளிம்பு, உட்காரும் பலகை, சுக்கான் பிடி, பாய்மரம், துடுப்பு, இவற்றுக்கு மட்டும் வார்னிஷ். துடுப்பில்கூடக் கை பிடிக்கிற இடத்தை வெறும் மரமாக விட்டுவிட்டேன், அங்கே வார்னிஷ் அடித்தால் வழுக்கும், உள்ளங்கை கொப்புளிக்கும்.

வழுவழுப்புதான் வேண்டும் என்றால் வார்னிஷ் இல்லாமலே அதைச் செய்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கேரளத்தில் போட்டிக்கு விடுகிற நீளப் படகான சுண்டன் வள்ளத்துக்கு மீன் எண்ணெயும் சிரட்டைக் கரியும் முட்டையும் கலந்து தேய்ப்பார்கள், ஆஞ்சிலிப் பலகை தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் அப்பாவின் நாற்றமெடுத்த மீன் எண்ணெயும் அந்தச் சாதிதான். உழைக்கிற படகுக்கு அது போதும், உரியாது, தேய்க்க வேண்டாம், தீர்ந்தால் மேலே இன்னொரு தடவை பூசிக்கொள்ளலாம். இதை அப்பா இருக்கும்போது ஒப்புக்கொண்டிருந்தால் கொஞ்சம் சந்தோஷப்பட்டிருப்பார்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய திருத்தம் ஒன்றும் இல்லை. அந்தப் பட்டியலிலிருந்து ‘படகு’ என்பதை மட்டும் எடுத்துவிட்டதாக ஒரு வரி போட்டால் போதும். பங்குனி முடிவதற்குள் போட்டால் நல்லது, இந்த மாதத்தில்தான் ஆட்கள் டின்னும் பிரஷ்ஷுமாகக் கிளம்புவார்கள். பெரியவர் படகு இப்போது ஐந்தாவது கோட்டிங்கில் இருக்கிறது. நேற்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்ததில் பின்பக்கத்து உட்காரும் பலகையில் ஒரு சாண் நீளத்துக்குக் குறுக்குக் கீறல் ஒன்று தெரிகிறது, 80 நம்பரில் நான் போட்டதாகத்தான் இருக்கும். அவர் கண்ணுக்கு அது தெரியாது. காலையில் அந்தப் பலகையை மட்டும் மரம் வரைக்கும் எடுக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
பழைய பாலிஷ்காரன்,
தூத்துக்குடி.